ஆப் ஸ்டோர் ரிவ்யூவில் ஒரே மெசேஜில் நாலு காரணம்: எதிலிருந்து தொடங்குவது?

அரைப்புள்ளி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இசை கற்றுத்தரும் ஆப் ஒன்றின் ஐஓஎஸ் பதிப்பு 1.0, முதல் சமர்ப்பிப்பிலேயே ரிஜெக்ட் ஆகியிருக்கு. ஃப்ளட்டரில் (ஒரே கோடில் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஆப் எழுதும் கருவி) எழுதியது, இப்போ ஐபோனுக்கு மட்டும். உள்ளே மூணு விதமான விற்பனை இருக்கு: பதிவு செய்த வீடியோ பாடங்கள், ஆசிரியரும் ஒரு மாணவரும் மட்டும் இருக்கும் நேரலை வகுப்பு, பத்துப் பேர் வரை சேரும் குழு வகுப்பு. மூணுக்கும் இப்போ ஒரே பேமெண்ட் கேட்வேதான். லாகின் போன் நம்பர், ஓடிபி வழியா மட்டும்.

வந்த மெசேஜின் சாரம் இது (முன்னாடி இருக்கிறது ஆப்பிளின் ரிவ்யூ விதி எண்):

2.1 – கொடுத்த டெமோ அக்கவுண்டை வைத்து உள்ளே நுழைய முடியவில்லை. சோதித்தது ஐபேடில்.

2.1 – பிரைவசி லேபிளில் (ஆப் என்ன தகவல் திரட்டுகிறது என்று ஸ்டோர் பக்கத்தில் காட்டும் பட்டியல்) டிராக்கிங் உண்டு என்று குறித்திருக்கிறீர்கள், ஆனால் டிராக்கிங் அனுமதி கேட்கும் பெட்டி எங்கும் வரவில்லை.

3.1.1 – டிஜிட்டல் உள்ளடக்கம் இன்-ஆப் பர்ச்சேஸ் (ஆப்பிள் வழியாகவே கட்டணம் வாங்கும் முறை) இல்லாமல் விற்கப்படுகிறது. பாடப் பட்டியல் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்காங்க.

5.1.1, ஐந்தாவது உட்பிரிவு – கணக்கு தொடங்க முடிகிறது, நீக்க வழியில்லை.

என் சந்தேகங்கள்: ஐபோன் ஆப்பை ஏன் ஐபேடில் பார்க்கிறாங்க? டிராக்கிங் பெட்டி என் போனில் ஒழுங்கா வருதே? நாலுக்கும் புது பில்ட் (ஸ்டோருக்கு ஏத்தும் ஆப் கோப்பு) வேணுமா, இல்ல பதில் எழுதினாலே சிலது தீருமா? நேரலை வகுப்புக்கும் இன்-ஆப் பர்ச்சேஸ் கட்டாயம்னா அப்பீல் போடலாமா?

---

பில்ட்_நம்பர் பதில்:

ஐபேட் விஷயம் சுலபம். 2.4.1 விதிப்படி ஐபோன் ஆப் முடிந்தவரை ஐபேடிலும் ஓடணும். ஐபோனுக்கு மட்டும்னு குறிச்சிருந்தாலும் ஐபேடில் கம்பாட்டிபிலிட்டி முறையில் இறங்கும், ரிவ்யூ செய்பவர் அதில்தான் திறந்திருப்பார். அதனால ஐபேட் சிமுலேட்டரில் ஒருமுறை முழுசா ஓட்டிப் பாருங்க. அந்த அளவு திரையில் கீபோர்டு ஏறினதும் ஓடிபி பொத்தான் மறைஞ்சு போறது ரொம்ப சாதாரணமா நடக்கும். அதுக்கும் 2.1-னுதான் வரும்.

அதைவிட முக்கியமா ஒண்ணு கவனிங்க. உள்ளே நுழைய முடியலைன்னு சொல்றாங்க, ஆனா 3.1.1-க்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கு. அப்போ பாடப் பட்டியல் லாகினுக்கு முன்னாடியே தெரியுது, அதை வெச்சு எழுதியிருக்காங்க. லாகினுக்குப் பின்னாடி இருக்கிற எதையும் இன்னும் அவங்க பார்க்கவே இல்லை. இந்த நாலையும் சரிபண்ணி அனுப்பினா, உள்ளே போய்ப் பார்த்துட்டு அடுத்த பட்டியல் வரும். ரிஜெக்ஷன் மெசேஜை முழுப் பட்டியலா எடுத்துக்காதீங்க. எந்த இடம் வரைக்கும் வந்தாங்க, எங்கே நின்னாங்கன்னு படிங்க.

டெமோ அக்கவுண்ட். உங்க நிஜ நம்பரைக் கொடுத்திருந்தா ஓடிபி உங்க போனுக்கு வரும், அவங்களுக்கு வராது. சர்வரில் ஒரு நம்பரைத் தனியா வெச்சு, அதுக்கு மட்டும் எஸ்எம்எஸ் கேட்வேயைக் கூப்பிடாம ஒரு நிலையான ஆறு இலக்கக் கோடை ஏத்துக்கச் செய்யுங்க. இந்த விலக்கு சர்வர் பக்கம்தான் இருக்கணும். ஆப் கோடுக்குள்ள எழுதினா பைனரியைப் பிரிச்சுப் பார்க்கிற யார் கைக்கும் அது போயிடும். அந்த அக்கவுண்டுக்கு நிஜ மாணவர் தகவல் எதுவும் தெரியக் கூடாது. ஆப் ஸ்டோர் கனெக்டில் (ஆப்பைச் சமர்ப்பிக்கும் ஆப்பிள் தளம்) யூசர்நேம் பெட்டியில் நாட்டுக் கோடோட நம்பர், பாஸ்வேர்டு பெட்டியில் அந்த ஓடிபி. நோட்ஸ் பகுதியில் அதையே ஒரு வரியில் திரும்ப எழுதுங்க.

இதிலேயே இன்னும் சில குழி இருக்கு. நாட்டுக் கோடு டிராப்டவுன் கருவியின் ரீஜனைப் பார்த்துத் தானா மாறுதா? ரிவ்யூ செய்பவரின் ஐபேட் உங்க ரீஜனில் இருக்காது. அவர் பத்து இலக்கத்தை மட்டும் தட்டுவார், வேற நாட்டுக் கோடோட சர்வருக்குப் போகும், டெமோ நம்பரோட பொருந்தாது. சர்வர் முன்னாடி ஃபயர்வாலில் நாடு வாரியா தடை போட்டிருந்தாலும் இதே கதிதான். சர்வர் முகவரியை எங்கேயாவது வெறும் ஐபிவி4 (பழைய வகை இணைய முகவரி) எண்ணா எழுதியிருந்தா அதையும் பெயரா மாத்துங்க. ஐபிவி6 மட்டும் உள்ள நெட்வொர்க்கில் ஆப் ஓடணும்ங்கறது 2016 ஜூன் முதலே கட்டாயம்.

யூகிக்க வேண்டாம், சர்வர் லாகைத் திறங்க. ரிவ்யூ நிலை இன் ரிவ்யூன்னு மாறின நேரத்தை ஒட்டி டெமோ நம்பர் வந்திருக்கான்னு பாருங்க. 17-ல் தொடங்கும் ஐபி முகவரித் தொகுதி முழுக்க ஆப்பிளோடது, ரிவ்யூ டிராஃபிக் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். கோரிக்கையே வரலைன்னா நெட்வொர்க், ஃபயர்வால். வந்து 400 (கோரிக்கை தவறுங்கற பதில்) திரும்பியிருந்தா நம்பர் வடிவம். 200 (சரிங்கற பதில்) போயும் அவங்க நுழையலைன்னா பிரச்சினை திரையில்.

---

தேன்கூடு பதில்:

கட்டணப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மூன்று விற்பனைக்கும் மூன்று தனி விதி. அவற்றை ஒரே கேட்வேயில் போட்டதுதான் சிக்கல்.

பதிவு செய்த பாடம் ஆப்புக்குள் திறக்கும் டிஜிட்டல் பொருள். 3.1.1-படி இன்-ஆப் பர்ச்சேஸ்தான், இதில் வாதாட இடமில்லை. நேரலையில் இரண்டு பேருக்கு இடையே மட்டும் நடக்கும் சேவைக்கு 3.1.3-இல் நான்காவது உட்பிரிவு இருக்கிறது. மாணவருக்குத் தனிப் பயிற்சி, மருத்துவ ஆலோசனை, உடற்பயிற்சி என்று அங்கே உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். அதற்கு வேறு கட்டண முறை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே உட்பிரிவின் அடுத்த வாக்கியம், ஒருவர் சிலருக்கோ பலருக்கோ நேரலையில் தரும் சேவைக்கு இன்-ஆப் பர்ச்சேஸ் கட்டாயம் என்கிறது. உங்கள் பத்துப் பேர் குழு வகுப்பு அதற்குள் நேராக விழுகிறது. இரண்டு மாணவர் சேர்ந்தாலும் அது குழுதான்.

ஆகவே அப்பீல் வேண்டாம். தனி வகுப்புக்கு அவர்கள் எதிர்ப்பே சொல்லவில்லை, அதை இன்னும் பார்க்கவுமில்லை. வாங்கும் திரையைப் பிரியுங்கள்: பாடமும் குழு வகுப்பும் ஸ்டோர்கிட் (இன்-ஆப் பர்ச்சேஸுக்கான ஆப்பிள் கருவித்தொகுப்பு) வழியாக, தனி வகுப்பு கேட்வே வழியாக. மூன்றையும் ஒரே கார்ட்டில் சேர்க்கும்படி விட்டால் மறுபடியும் 3.1.1 வரும். நோட்ஸ் பகுதியில் எந்தத் திரையில் எந்த முறை, எந்த உட்பிரிவின்படி என்று எழுதிவிடுங்கள். அச்சிட்ட பாடப்புத்தகம் அனுப்பினால் அது எதிர்த்திசை: ஆப்புக்கு வெளியே நுகரப்படும் பொருளுக்கு இன்-ஆப் பர்ச்சேஸ் பயன்படுத்தவே கூடாது.

இன்-ஆப் பர்ச்சேஸ் முதன்முறை வைக்கும்போது ரிஜெக்ட் ஆகும் இடங்கள் வேறு. பெய்டு ஆப்ஸ் ஒப்பந்தம், வங்கி, வரி விவரம் மூன்றும் முடிந்து ஒப்பந்தம் ஆக்டிவ் என்று காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்டோர்கிட் காலிப் பட்டியலைத் திருப்பும், கிராஷ் எதுவும் இராது, ரிவ்யூ செய்பவர் கண்ணுக்குச் சுழலும் வட்டம் மட்டும் தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் ரிவ்யூ ஸ்கிரீன்ஷாட் வேண்டும். இல்லாதவரை மிஸ்ஸிங் மெட்டாடேட்டா நிலையிலேயே நிற்கும். முதல் பொருளைத் தனியாக அனுப்ப முடியாது. 1.0 பதிப்புப் பக்கத்தில் இன்-ஆப் பர்ச்சேஸ் பகுதிக்குப் போய் அதைத் தேர்ந்தெடுத்து, பதிப்போடு சேர்த்தே அனுப்ப வேண்டும். பலர் விடுவது இந்த ஒரு டிக்கைத்தான்.

ரிவ்யூவில் வாங்கிப் பார்ப்பது சாண்ட்பாக்ஸ் சூழலில் (நிஜப் பணம் போகாத சோதனைச் சூழல்). ஆனால் அது தொடும் உங்கள் சர்வர் புரொடக்ஷன் (நிஜப் பயனர்களுக்கான) சர்வர். அது ஆப்பிளின் புரொடக்ஷன் முகவரியை மட்டும் கேட்டால் சாண்ட்பாக்ஸ் பரிவர்த்தனை அங்கே கிடைக்காது, வாங்குவது தோற்றுப்போகும், 2.1 வரும். பழைய ரசீது சரிபார்ப்பு முறை என்றால் முதலில் புரொடக்ஷனைக் கேட்டு, 21007 (இது சாண்ட்பாக்ஸ் ரசீது என்னும் கோடு) வந்தால் சாண்ட்பாக்ஸைக் கேளுங்கள். அந்த முறை கைவிடப்பட்ட பட்டியலில் இருக்கிறது, புதிதாக எழுதுபவர் ஆப் ஸ்டோர் சர்வர் ஏபிஐயில் தொடங்குவது மேல். அங்கேயும் இதே வரிசைதான்: புரொடக்ஷன் 4040010 பிழை தந்தால் சாண்ட்பாக்ஸ். டெஸ்ட்ஃபிளைட்டும் (வெளியீட்டுக்கு முன் சோதிக்க ஆப்பிள் தரும் வழி) சாண்ட்பாக்ஸில்தான் வாங்கும் என்பதால், புரொடக்ஷன் சர்வரை நோக்கிய ஒரு டெஸ்ட்ஃபிளைட் பில்டில் வாங்கிப் பார்த்தால் இந்தப் பிழை அனுப்பும் முன்பே பிடிபடும்.

பாடம் ஒருமுறை வாங்கி எப்போதும் பார்ப்பது என்றால் நான்-கன்ஸ்யூமபிள் வகை. அதற்கு வாங்கியதை மீட்டெடுக்கும் பொத்தான் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். லாகின் செய்ததும் சர்வரே திறந்துவிடுகிறது, பொத்தான் எதற்கு என்ற வாதம் பொதுவாக எடுபடாது. ஒரு பொத்தான் வைத்துவிட்டுப் போங்கள். விலையை நீங்கள் எழுதாமல் ஸ்டோர்கிட் தரும் உள்ளூர் விலையையே காட்டுங்கள்.

கமிஷன் பற்றி யாராவது கேட்பீர்கள்: ஸ்மால் பிசினஸ் திட்டத்தில் சேர்ந்தால் 15 சதவீதம், சேராவிட்டால் 30. ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குள் இருப்பவர்களுக்கு. தானாகச் சேர்க்க மாட்டார்கள், விண்ணப்பிக்க வேண்டும்.

---

மூன்றாம்_டேப் பதில்:

இவ்வளவு வேலை முதல் வெளியீட்டுக்குத் தேவையா? வீடியோவையும் குழு வகுப்பையும் வாங்குற பொத்தானை எடுத்துடுங்க. வெப்சைட்டில் வாங்கினவங்க ஆப்பில் லாகின் பண்ணிப் பார்த்துக்கட்டும். தனி வகுப்பு புக்கிங் மட்டும் ஆப்புக்குள்ள. 1.1-ல் ஸ்டோர்கிட் சேர்த்துக்கலாம்.

---

தேன்கூடு பதில்:

@மூன்றாம்_டேப் பாதி சரி. தனி வகுப்பை மட்டும் வைத்து 1.0 வெளியிடுவது நல்ல யோசனைதான். ஆனால் வெளியே வாங்கிய வீடியோவை ஆப்பில் திறக்கவிட்டால் 3.1.3-இன் இரண்டாவது உட்பிரிவு வருகிறது: பல தளங்களில் இயங்கும் சேவை, வேறிடத்தில் வாங்கியதை ஆப்பில் தரலாம், ஆனால் அதே பொருள் ஆப்புக்குள் இன்-ஆப் பர்ச்சேஸாகவும் கிடைக்க வேண்டும். வீடியோ என்பதால் ரீடர் ஆப் (வெளியே வாங்கியதைப் படிக்க, பார்க்க உதவும் ஆப்) வகையில் அடங்கும் என்று சொல்லிப் பார்க்கலாம்தான். வகுப்பு புக்கிங்கையே முக்கிய வேலையாகக் கொண்ட ஆப்புக்கு அந்த வாதத்தை நம்பி வெளியீட்டுத் தேதி குறிக்க மாட்டேன். 1.0-வில் வீடியோ வேண்டாம் என்றால் பார்க்கும் வசதியையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

அமெரிக்க ஸ்டோரில் 2025 மே முதல் வெளியே வாங்கும் இணைப்பு வைக்க விதி இடம் தருகிறது. அது நீதிமன்ற உத்தரவால் வந்த மாற்றம், அந்த ஸ்டோருக்கு மட்டும். மற்ற நாடுகளில் ஆப்பிளின் தனி அனுமதி இல்லாமல் அதே பொத்தான் தெரிந்தால் ரிஜெக்ட்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாராவது நிச்சயம் சொல்வார்கள்: ரிமோட் கான்ஃபிக் (சர்வரிலிருந்தே ஆப்பின் அம்சங்களை மாற்றும் வசதி) வைத்து ரிவ்யூ முடியும்வரை கேட்வேயை மறைப்பது. அது 2.3.1-இல் வரும் மறைத்த அம்சம். பிடிபட்டால் அந்தப் பதிப்போடு முடியாது, டெவலப்பர் கணக்கே போகலாம். ஒரு ஆப்புக்காக மற்ற எல்லா ஆப்பையும் பணயம் வைக்கும் வேலை.

---

மேனிஃபெஸ்ட் பதில்:

டிராக்கிங் பெட்டிக்கு வர்றேன். முதல் கேள்வி: நீங்க உண்மையிலேயே டிராக் பண்றீங்களா? ஆப்பிள் அர்த்தத்தில் டிராக்கிங்னா, உங்க ஆப்பில் திரட்டின தகவலை மற்ற நிறுவனங்களோட தகவலோட இணைச்சு விளம்பரத்துக்கோ விளம்பர அளவீட்டுக்கோ பயன்படுத்துறது, இல்ல டேட்டா புரோக்கருக்குக் கொடுக்குறது. உங்க ஆப்புக்குள்ளேயே முடியுற அனலிட்டிக்ஸ், கிராஷ் ரிப்போர்ட் இதில் வராது. படிவம் நிரப்பும்போது பாதுகாப்புக்கு எல்லாத்தையும் டிக் அடிச்சு மாட்டிக்கிறவங்க அதிகம். விளம்பர எஸ்டிகே (வெளி நிறுவனம் தரும் தயார் கோடு) இல்லைன்னா லேபிளில் டிராக்கிங்கை எடுத்துடுங்க, இன்ஃபோ பிளிஸ்டில் (ஆப்பின் அமைப்புக் கோப்பு) டிராக்கிங் விளக்க வரியையும் நீக்குங்க. லேபிள் மாத்த புது பில்ட் வேண்டாம், பிளிஸ்ட் வரிக்கு வேணும். அந்த வரி மட்டும் மிச்சம் இருந்தா லேபிளோட பொருந்தலைன்னு அதுவே ஒரு தடையா வந்து நிக்கும்.

டிராக்கிங் உண்டுன்னா, பெட்டி ஏன் அவங்களுக்கு வரலைன்னு பார்க்கணும். ஆப் ஆக்டிவ் நிலைக்கு (திரையில் முழுசா இயங்கும் நிலை) வந்த பிறகு கேட்டாத்தான் அந்தப் பெட்டி வரும். ஃப்ளட்டரில் மெயின் ஃபங்ஷனிலோ முதல் திரையின் இனிட் ஸ்டேட்டிலோ கூப்பிட்டா சில கருவியில் ஆப் இன்னும் இன்ஆக்டிவ். பிழை எதுவும் வராது, நிலை நாட் டிட்டர்மைண்ட்னே (இன்னும் முடிவாகலைன்னே) திரும்பி வரும். அதே நேரத்தில் நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பெட்டி திறந்திருந்தாலும் ஆப் இன்ஆக்டிவ்தான், இரண்டாவது பெட்டி சத்தமில்லாம விழுங்கப்பட்டுடும். உங்க ஆப்பில் இரண்டும் இருக்கும்னு நினைக்கிறேன். நோட்டிஃபிகேஷன் பதில் வரும்வரை காத்திருந்து, லைஃப்சைக்கிள் ரிஸ்யூம்டுன்னு வந்த பிறகு டிராக்கிங் கேளுங்க. இன்னும் நல்லது, நோட்டிஃபிகேஷனைத் திறந்ததும் கேட்காம, முதல் வகுப்பு புக் ஆனதும் கேளுங்க.

உங்க போனில் வருதுங்கறது சாட்சி ஆகாது. ஒருமுறை பதில் சொன்னா மறுபடி வராது, ஆப்பை நீக்கித் திரும்ப இறக்கித்தான் சோதிக்கணும். அமைப்புகளில் பிரைவசி, டிராக்கிங் பக்கத்தில் ஆப்கள் கேட்க அனுமதின்னு ஒரு சுவிட்ச் இருக்கு, அது அணைஞ்சிருந்தாலும் பெட்டி வராது.

பெட்டிக்கு முன்னாடி உங்க சொந்த விளக்கத் திரை வெச்சிருந்தா, அதில் "அனுமதி" "வேண்டாம்"னு பொத்தான் வைக்காதீங்க. "தொடரவும்"னு ஒண்ணு மட்டும், அதைத் தொட்டா சிஸ்டம் பெட்டி வந்தே ஆகணும். மறுத்தவங்களுக்கு ஆப்பைப் பூட்டவும் கூடாது.

கணக்கு நீக்கம்: 2022 ஜூன் 30 முதல் கட்டாயம். ஆதரவு மின்னஞ்சலுக்கு எழுதுங்கன்னு போட்டா செல்லாது. முடக்குறது மட்டும் போதாது, நீக்கணும். அமைப்புகளில் பொத்தான், உறுதிசெய்யக் கேட்பது, வேணும்னா ஓடிபி மறுபடி. வெப்சைட்டுக்கு அனுப்பலாம், ஆனா நீக்கும் பக்கத்துக்கே நேரா போகணும், முகப்புக்கு இல்லை. உடனே முடியாதுன்னா எத்தனை நாளில் முடியும்னு திரையில் சொல்லுங்க. வரிக் கணக்குக்காகச் சட்டப்படி வைக்க வேண்டிய ரசீதுகளை வெச்சுக்கலாம், அதைப் பிரைவசி பாலிசியில் எழுதுங்க. பின்னாடி ஆப்பிள் லாகின் சேர்த்தா, நீக்கும்போது அதன் டோக்கனையும் ரத்து செய்யணும்.

இதில் ஒரு பொறி: ரிவ்யூ செய்பவர் நீக்கும் பொத்தானை நிஜமாவே அமுக்கிப் பார்ப்பார். டெமோ அக்கவுண்ட் போயிடும். அடுத்த சுற்றில் வேறொருவர் அதே நம்பரில் வந்தா உள்ளே நுழைய முடியாது, மறுபடி 2.1. டெமோ நம்பர் லாகின் ஆகும்போது கணக்கு இல்லைன்னா, மாதிரித் தரவோட புதுசா உருவாக்கித் தரும்படி சர்வரில் எழுதிடுங்க. இரண்டாவது டெமோ நம்பரும் நோட்ஸில் இருக்கட்டும். ஆப் வெளிவந்த பிறகும் இந்த நம்பர்களை எடுக்காதீங்க, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ரிவ்யூ உண்டு.

---

அரைப்புள்ளி எழுதியது:

ரொம்ப நன்றி. லாகில் பார்த்தேன். டெமோ நம்பர் வந்திருக்கு, நாட்டுக் கோடுதான் மாறியிருக்கு. டிராக்கிங்: விளம்பர எஸ்டிகே எதுவும் இல்லை, லேபிளைத்தான் தவறா நிரப்பியிருக்கு. தனி வகுப்பு மட்டும் 1.0-வில், மற்றது 1.1-ல்னு முடிவு பண்ணியாச்சு. இரண்டு கேள்வி மிச்சம். உள்ளே நுழைஞ்சதும் அடுத்து எதில் நிற்பாங்க? அவங்களுக்கு என்ன எழுதணும்?

---

பில்ட்_நம்பர் பதில்:

அடுத்து நிற்கப்போற இடம் நேரலை வகுப்பேதான். வகுப்புக்கு எதிர்ப்பக்கம் ஆசிரியர் வேணும், ரிவ்யூ நேரத்தில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டாங்க. காலி அறையைப் பார்த்துட்டு அம்சம் வேலை செய்யலைன்னு எழுதுவாங்க. டெமோ அக்கவுண்டில் எப்போதும் "இப்போது தொடங்கலாம்" நிலையில் ஒரு வகுப்பு இருக்கட்டும், சேர்ந்ததும் சர்வர் ஒரு பதிவு வீடியோவை ஆசிரியர் பக்கத்திலிருந்து ஓட்டட்டும். அது மாதிரி வகுப்புங்கறதை நோட்ஸில் ஒளிக்காம எழுதுங்க. கூடவே நிஜமா இரண்டு போனில் வகுப்பு நடக்கும் திரைப்பதிவையும் இணையுங்க. சிமுலேட்டரில் வேண்டாம், நிஜக் கருவியில் எடுத்தது. கட்டணமும் அப்படியே: டெமோ கணக்கில் கட்டணம் முடிஞ்ச ஒரு புக்கிங் தயாரா இருக்கணும், ரிவ்யூ செய்பவர் தன் கார்டைப் போட மாட்டார்.

அடுத்தது அனுமதி விளக்க வரிகள், 5.1.1-ல் இரண்டாவது உட்பிரிவு. "இந்த ஆப்புக்கு மைக்ரோஃபோன் தேவை"ன்னு இருந்தா திரும்பி வரும். "நேரலை வகுப்பில் நீங்கள் பாடுவதை ஆசிரியர் கேட்கவும், பயிற்சியைப் பதிவுசெய்து அவருக்கு அனுப்பவும் மைக்ரோஃபோன் பயன்படுகிறது"ன்னு, யார், எதுக்குன்னு தெரியற மாதிரி எழுதுங்க. கேமராவுக்கும் அதே. பயன்படுத்தாத லொகேஷனை ஏதாவது பிளகின் (ஆப்பில் சேர்க்கும் தயார் கோடு) தொட்டிருந்தா ஏற்றும்போதே ஐடிஎம்எஸ்-90683-ன்னு மெயில் வரும். ஐடிஎம்எஸ்-91053 வந்தா அது பிரைவசி மேனிஃபெஸ்டில் (ஆப் எதை எதுக்குத் தொடுதுன்னு சொல்லும் கோப்பு) காரணம் சொல்லாத ஏபிஐ; 2024 மே 1 முதல் அமலில் இருக்கு, பெரும்பாலும் பிளகின்களைப் புதுப்பிச்சாலே போயிடும். இந்த இரண்டும் ஆள் பார்த்துச் சொல்றது இல்லை, பைனரியை இயந்திரம் சோதிச்சுச் சொல்றது. பதில் எழுதிப் பயனில்லை.

மாணவரும் ஆசிரியரும் சாட் பண்ண முடியும்னா 1.2 வரும்: புகார் பொத்தான், தடுக்கும் பொத்தான், தகாத சொல் வடிகட்டி, தொடர்பு முகவரி. நாலும் வேணும். ஸ்கிரீன்ஷாட்டில் எங்கேயாவது ஆண்ட்ராய்டு போன் சட்டமோ அதன் பெயரோ இருந்தா 2.3.10. முதல் நாலு படமும் வெறும் லோகோ, லாகின் பக்கம்னா 2.3.3.

பதில் ஆங்கிலத்தில் எழுதுங்க, உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

"வணக்கம். பில்ட் 14-இல் செய்த மாற்றங்கள். 2.1 லாகின்: நாட்டுக் கோடு தேர்வு ஐபேடில் தவறாக மாறியது, சரிசெய்துவிட்டோம். இரண்டு டெமோ எண்களும் கோடும் நோட்ஸில் உள்ளன, எஸ்எம்எஸ் தேவையில்லை. 2.1 டிராக்கிங்: இந்த ஆப் டிராக் செய்வதில்லை, லேபிளைத் திருத்தி, விளக்க வரியை நீக்கிவிட்டோம். 3.1.1: பதிவுப் பாடங்களும் குழு வகுப்பும் இந்தப் பதிப்பில் இல்லை. மிச்சமுள்ளது இருவர் மட்டும் பங்கேற்கும் நேரலை வகுப்பு, 3.1.3 நான்காவது உட்பிரிவு. 5.1.1: சுயவிவரம், அமைப்புகள், கணக்கை நீக்கு. திரைப்பதிவு இணைப்பில்."

அவ்வளவுதான். போட்டி ஆப்பில் இதே இருக்கே, அதை எப்படி விட்டீங்கன்னு எழுதாதீங்க; அந்த வாதத்தை ஏத்துக்கிறதே இல்லை. நோட்ஸ் பெட்டியில் 4000 எழுத்துதான் இடம், லாகின் விவரம் முதல் வரியில் இருக்கட்டும்.

பில்டுக்கு வருவோம். வெர்ஷன் 1.0-ன்னே இருக்கலாம், பில்ட் நம்பர் கூடணும். ஃப்ளட்டரில் பப்ஸ்பெக் கோப்பில் கூட்டல் குறிக்குப் பின்னாடி இருக்கிற எண். வெறும் மெட்டாடேட்டா குறையா இருந்திருந்தா பழைய பில்டையே வெச்சுத் திருத்தி மறுபடி அனுப்பலாம், உங்களுக்கு அது பொருந்தாது. புது பில்டைப் பதிப்புப் பக்கத்தில் மாத்தித் தேர்ந்தெடுக்க மறக்காதீங்க. பழைய பில்டே மறுபடி போய் அதே மெசேஜ் திரும்பி வர்றது அடிக்கடி நடக்கும்.

சமர்ப்பிப்புகளில் 90 சதவீதம் 24 மணி நேரத்துக்குள்ள பார்க்கப்படுதுன்னு ஆப்பிளே சொல்லுது. எக்ஸ்பெடைட்டட் ரிவ்யூ முதல் வெளியீட்டு அவசரத்துக்கு இல்லை, ஏற்கெனவே வெளிவந்த ஆப்பில் கடுமையான பிழைக்கும் தேதி மாறாத நிகழ்வுக்கும்தான். அதை வீணாக்காதீங்க. விதியைத் தப்பா பொருத்தியிருக்காங்கன்னு, உதாரணமா தனி வகுப்புக்கும் 3.1.1 சொன்னாங்கன்னா, முதலில் அதே மெசேஜில் உட்பிரிவைக் காட்டிப் பதில் எழுதுங்க. அதுக்கும் அசையலைன்னா அப்போ அப்பீல் போர்டு.

---

மூன்றாம்_டேப் பதில்:

ஆப் வெளிவந்த பிறகு ஒரு சலுகை இருக்கு, குறிச்சு வெச்சுக்கோங்க. பிழை திருத்தும் அப்டேட்டில் பழைய விதிமீறல் ஏதாவது கண்டுபிடிச்சா, சட்டம், பாதுகாப்பு சார்ந்தது இல்லாதவரை, இந்த முறை விட்டுடுங்க, அடுத்த அப்டேட்டில் சரிபண்றோம்னு பதில் எழுதிக் கேட்கலாம். 1.0-வுக்கு இது கிடையாது.

---

அரைப்புள்ளி எழுதியது:

இதே ஆப்பை அடுத்து பிளே ஸ்டோரில் போடப் போறேன், தனிநபர் டெவலப்பர் கணக்கில். அங்கே எதில் மாட்டும்?

---

மேனிஃபெஸ்ட் பதில்:

கணக்கு 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கினதா இருந்தா, முதலில் குளோஸ்டு டெஸ்டிங் (நீங்க அழைச்சவங்க மட்டும் சோதிக்கிறது). குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாள் இணைஞ்சிருக்கணும் (முன்னாடி 20 பேரா இருந்தது, 2024 டிசம்பரில் குறைச்சாங்க). 12 பேரை மட்டும் சேர்த்து நடுவில் ஒருத்தர் வெளியேறினா எண்ணிக்கை உடையும், நாலஞ்சு பேர் கூடுதலாவே சேருங்க. இன்டர்னல் டெஸ்டிங் இதில் கணக்கில்லை.

டெமோ விவரம் ஆப் அக்சஸ் பகுதியில், ஓடிபி விளக்கத்தோட. கணக்கு நீக்கத்துக்கு ஆப்புக்குள் வழியோட, ஆப்பை இறக்காமலே கோரிக்கை வைக்கிற ஒரு வெப் முகவரியும் டேட்டா சேஃப்டி படிவத்தில் கேட்பாங்க. டார்கெட் ஏபிஐ (எந்த ஆண்ட்ராய்டு பதிப்பை நோக்கி எழுதினதுங்கற எண்): 2025 ஆகஸ்ட் 31 முதல் புது ஆப்புக்குக் குறைந்தது ஆண்ட்ராய்டு 15, அதாவது 35. வகுப்பு வீடியோ பின்னணியிலும் ஓடணும்னு ஃபோர்கிரவுண்டு சர்வீஸ் வெச்சிருந்தா அதன் வகையை அறிவிச்சு, பயன்பாட்டை வீடியோவா காட்டணும்.

டேட்டா சேஃப்டியை நிரப்பும் முன்னாடி உங்க மேனிஃபெஸ்டைப் (ஆப் கேட்கும் அனுமதிகள் இருக்கும் கோப்பு) பார்க்காதீங்க, எஸ்டிகேக்களோடதும் சேர்ந்த மெர்ஜ்டு மேனிஃபெஸ்டைப் பாருங்க. நீங்க எழுதாத விளம்பர ஐடி அனுமதியையும் புகைப்பட அனுமதியையும் எஸ்டிகேக்கள் உள்ளே கொண்டு வந்திருக்கும். வேண்டாததை ரிமூவ் குறிப்பு போட்டு நீக்குங்க. சுயவிவரப் படம் ஏத்த மட்டும்னா ஃபோட்டோ பிக்கர் போதும், அனுமதியே தேவையில்லை. அதுக்காக எல்லாப் படங்களுக்கும் அனுமதி கேட்டா ரிஜெக்ட் நிச்சயம்.

அங்கே பலரைச் சுத்தவிடுற விஷயம் வேற. அனுமதியை நீக்கிப் புது பண்டில் (பிளே ஸ்டோருக்கு ஏத்தும் ஆப் கோப்பு) புரொடக்ஷனில் ஏத்தியாச்சு, ஆனாலும் அதே காரணம் சொல்லி ரிஜெக்ட் வரும். மெசேஜில் வெர்ஷன் கோடு எழுதியிருப்பாங்க, அதைப் படிங்க: குளோஸ்டு டெஸ்டிங்கில் மறந்துபோன பழைய பண்டிலா இருக்கும். விதி எல்லா டிராக்குக்கும் (சோதனை, வெளியீடுன்னு தனித்தனியா இருக்கும் வழிகள்) பொருந்தும். ஆக்டிவா இருக்கும் ஒவ்வொரு டிராக்கிலும் பெரிய வெர்ஷன் கோடு உள்ள திருத்தின பண்டிலை 100 சதவீதம் ரோல்அவுட் பண்ணி, பழசு நாட் இன்க்ளூடட்னு வந்த பிறகு அனுப்புங்க.